கருதுகோள் தோற்க இடம் விடுங்கள்: வயற்பிரச்சினை ஆய்வுப் பிரச்சினையாவது எப்படி?

பரந்தன் பக்கம் வயல் செய்யும் ஒருவரிடம் "ஐயா, என்ன பிரச்சினை?" என்று கேட்டால், ஒரு தேநீர் குடித்து முடிவதற்குள் ஐந்தாறு சொல்லிவிடுவார். அறக்கொட்டி அடிக்குது, யூரியா விலை ஏறிட்டுது, நெல்லுக்கு விலை இல்லை, வாய்க்கால் கடைசிக்குத் தண்ணி வருகுதில்லை, யானை வரம்பை உடைக்குது. எல்லாமே உண்மை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட இன்னும் ஆய்வுப் பிரச்சினை ஆகவில்லை.

முதன்முதலாக ஆய்வு செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் இறுதி ஆண்டு படிப்பவரானாலும், வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் செயல்நிலை ஆய்வு எழுதுபவரானாலும் நிலைமை ஒன்றுதான். ஊரில் கேட்ட துன்பத்தை அப்படியே தலைப்பாக்கி, வினாக்கொத்தை அச்சடித்து, கிராம அலுவலரிடம் பெயர்ப்பட்டியலும் வாங்கிவிடுவார்கள். தரவெல்லாம் கையில் வந்த பிறகு "இதை வைத்து எதைச் சோதிப்பது?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குரிய நேரம் நான்கு மாதத்துக்கு முன்பே போய்விட்டது.

ஆய்வுப் பிரச்சினை என்பது அறிவில் இருக்கும் ஓர் இடைவெளி. ஒரு துன்பம் இருக்கிறது, அதன் காரணமோ அளவோ தீர்வோ யாருக்கும் சரியாகத் தெரியாது, அளந்து பார்த்தால் தெரியவரும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஆய்வுப் பிரச்சினை. வாய்க்கால் கடைசிக்குத் தண்ணீர் வராததை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலில் மண் மூடி, புல் மண்டிக் கிடந்தால் அதற்கு ஆய்வு வேண்டாம். நான்கு பேரும் மண்வெட்டியும் போதும். வாய்க்காலைத் துப்புரவாக்கி, மதகிலிருந்து உரிய அளவு தண்ணீர் திறந்தும் கடை வயலுக்கு அது எட்டவில்லை என்றால், இடையில் எங்கே போகிறது? மண்ணுக்குள் கசிகிறதா, தலைப்பக்க வயல்கள் கூடுதலாக எடுக்கின்றனவா? இப்போதுதான் அறியாத ஒன்று வந்திருக்கிறது. இதற்கு ஆய்வு வேண்டும்.

யூரியா விலை அப்படியானதல்ல. விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். விலை ஏறியபோது கமக்காரர் எந்தப் பருவத்துப் பசளையைக் குறைத்தார், அதனால் விளைச்சலில் எவ்வளவு இழந்தார் என்பது தெரியாவிட்டால், அதுதான் ஆய்வுக்கு உரியது.

தலைப்பை ஒடுக்குதல்

"வன்னியில் நெல் விளைச்சல் குறைவும் அதற்கான காரணங்களும்" என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கும், செய்ய முடியாது. வன்னி என்றால் எது? கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் நீர் பாயும் வயலும், நெடுங்கேணிப் பக்கத்து மானாவாரி வயலும், கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள மன்னார் வயலும் மண்ணிலும் நீரிலும் ஒன்றுக்கொன்று வேறானவை. குறைவு என்றால் எதைவிடக் குறைவு? போன வருடத்தையா, பொலன்னறுவையையா, அந்த இனத்தின் இயல்பான விளைதிறனையா? காரணங்கள் என்றால் எத்தனை? ஒருவர் ஒரு போகத்தில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டைத்தான் ஒழுங்காகச் சோதிக்கலாம்.

முதலில் இடத்தை ஒடுக்குங்கள்: இரணைமடுக் குளத்தின் கீழ் நீர்ப்பாசனம் பெறும் வயல்கள். அடுத்தது போகம்: காலபோகம். பிறகு காரணம்: பீடை. பீடைகளில் அறக்கொட்டி, அதாவது கபிலநிறத் தத்தி. இந்தப் பூச்சி பெருகுவதற்கு நெருக்கமான பயிரும் மிதமிஞ்சிய நைதரசனும் உதவும் என்பது நெல் ஆய்வில் ஏற்கெனவே அறியப்பட்டது. அப்படியானால் நம்முடைய கேள்வி எது? வீச்சு விதைப்பில், அதாவது விதையை வீசி விதைக்கும்போது, ஏக்கருக்கு 2 புசல் (ஏறக்குறைய 42 கிலோ) விதைப்பதே ஏறக்குறைய ஹெக்டயருக்கு 100 கிலோ ஆகிறது. முளைக்காது, குருவி தின்னும், களை மூடும் என்ற பயத்தில் அதைவிடக் கூட விதைப்பவர்கள் பலர். அந்தக் கூடுதல் விதை தத்தியைக் கூட்டுகிறதா, கூட்டினால் எவ்வளவு?

இப்போது தலைப்பு இப்படி வரும்: "இரணைமடு நீர்ப்பாசன வயல்களில் காலபோக வீச்சு விதைப்பின் விதையளவு கபிலநிறத் தத்தியின் எண்ணிக்கையிலும் விளைச்சலிலும் ஏற்படுத்தும் விளைவு." சற்று நீளம்தான், ஆனால் அதில் இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, மாற்றப்போவது எது, அளக்கப்போவது எது என்பதும் இருக்கிறது. அழகான குறுந்தலைப்பைவிட இதுவே எங்களுக்குப் பிடித்தது.

ஒடுக்கும்போதே நாட்காட்டியையும் பாருங்கள். காலபோக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில் வடகீழ்ப் பருவமழையோடு நடக்கிறது. இந்த மாதங்களைத் தவறவிட்டால் அடுத்த காலபோகம் ஒரு வருடம் கழித்துத்தான். சிறுபோகத்துக்கு நகர்த்தலாம் என்று நினைத்தால், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் முடிவெடுப்பார்கள். உங்களுக்கு வயல் தருவதாகச் சொன்னவருக்கே பங்கு கிடைக்காமல் போகலாம். ஆகவே ஆய்வு முன்மொழிவு ஓகஸ்ட்டுக்குள் கையில் இருக்க வேண்டும்.

பிரச்சினைக் கூற்றை எழுதுதல்

பிரச்சினைக் கூற்று என்பது முன்மொழிவின் முதுகெலும்பு. ஒரு பக்கம் போதும். அறியப்பட்டது எது, அறியப்படாதது எது, அந்த அறியாமையால் யாருக்கு என்ன இழப்பு, இந்த ஆய்வு அதில் எந்தத் துண்டை நிரப்பும் என்று வரிசையாகச் சொன்னால் கூற்று நிற்கும். பலரும் மூன்றாவதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதுகிறார்கள். நெல்லின் முக்கியத்துவம், வன்னியின் வரலாறு, போரின் பாதிப்பு என்று நீண்டு, கடைசி வரியில் "ஆகவே இந்த ஆய்வு அவசியம்" என்று முடியும். அறியப்படாதது எது என்ற வரி மட்டும் இருக்காது.

"இதுபற்றி இதுவரை எந்த ஆய்வும் நடைபெறவில்லை" என்ற வசனத்தைத் தேடிப்பார்க்காமல் எழுதக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் பழைய மாணவர் ஆய்வேடுகளைக் கேட்டுப் பாருங்கள். நெல் ஆராய்ச்சிக்குப் பத்தலகொடை நிறுவனத்தின் வெளியீடுகளைப் பாருங்கள். பிஜி என்று தொடங்கும் இனங்கள் அங்கே உருவானவை. விவசாயப் போதனாசிரியரோடு அரை மணித்தியாலம் பேசினால் அச்சேறாத அனுபவமும் கிடைக்கும். தேடியபோது வேறொருவர் இதே கேள்விக்கு அநுராதபுரத்தில் விடை கண்டிருந்தால் சோர வேண்டாம். "அங்கே கண்ட விடை இங்கே செல்லுமா, கண்டாவளைப் பக்கத்து உவர் ஏறிய மண்ணில் மாறுமா?" என்பதும் ஒழுங்கான ஆய்வுப் பிரச்சினைதான். புதுமைக்காக யாரும் தொடாத ஒன்றைத் தேடி அலைவதைவிட, தெரிந்த ஒன்றை இந்த மண்ணில் வைத்துச் சரிபார்ப்பது தொடக்கநிலை ஆய்வாளருக்கு நல்லது என்பது எங்கள் எண்ணம்.

கருதுகோள் எப்படி இருக்க வேண்டும்?

ஆய்வுப் பிரச்சினை ஆய்வு வினாவாகும். அந்த வினாவுக்கு, ஏற்கெனவே அறிந்தவற்றிலிருந்து நியாயமாக ஊகித்து, சோதிக்கும் முன்பே சொல்லும் விடைதான் கருதுகோள். அது சரியாக இருந்தாக வேண்டும் என்று இல்லை. பிழை என்றால் பிழை என்று தெரியவருகிற மாதிரி இருந்தாக வேண்டும். ஒரு கூற்று பொய்யாவதற்கு வழி இருந்தால்தான் அது விஞ்ஞானக் கூற்று என்று கார்ல் பொப்பர் 1934இல் வலியுறுத்தியது இதைத்தான்.

பிழையான கருதுகோள்கூட எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அரிசியிலேயே ஓர் உதாரணம் உண்டு. பெரிபெரி என்ற நோய் கால்களை மரக்கச் செய்து உயிரையும் எடுத்தது. 1880களின் இறுதியில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் அந்த நோய்க்குக் கிருமிதான் காரணம் என்ற கருதுகோளோடு கோழிகளை வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கோழிகளும் கால் தள்ளாடி விழுந்தன. ஆனால் கிருமி ஏற்றிய கோழிகள் மட்டும் விழவில்லை, ஏற்றாதவையும் விழுந்தன. கருதுகோள் அங்கேயே ஆட்டம் கண்டது. பிறகு ஒரு நாள் எல்லாக் கோழிகளும் தாமாகவே தேறின. விசாரித்தால், முன்பு கோழிகளுக்குப் போட்டது இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு; புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கோழிக்குக் கொடுக்க மறுத்ததால் தீட்டாத அரிசி போட்டிருக்கிறார்கள்.

ஐக்மன் கருதுகோளை மாற்றினார். தீட்டிய அரிசிதான் காரணம் என்றால், தீட்டிய அரிசி கொடுக்கும் சிறைகளில் பெரிபெரி கூடுதலாகவும், தவிடு நீக்காத அரிசி கொடுக்கும் சிறைகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். ஜாவாவின் சிறைகளில் போர்தர்மன் என்ற அதிகாரி கணக்கெடுத்தார்; வித்தியாசம் பல மடங்காக இருந்தது. அப்போதும் ஐக்மனின் விளக்கம் பாதி பிழைதான். அரிசி மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார். தவிட்டில் இருக்கும் தேவையான ஏதோ ஒன்று இல்லாமற்போவதே நோய் என்று கிறைன்ஸ் 1901இல் சொன்னார். அந்த ஒன்று, தயமின் என்ற விற்றமின் பி1, 1926இல் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக் கருதுகோள் தோற்கக்கூடிய விதத்தில் அமைந்திருந்ததால்தான் அதை விட்டு அடுத்ததற்கு நகர முடிந்தது.

இனி, மாணவர் முன்மொழிவுகளில் அடிக்கடி காணும் நோயுள்ள கருதுகோள்கள்.

"நெருக்கமாக விதைப்பது நல்லதல்ல." நல்லது, கெட்டது என்பவை தீர்ப்புகள். அவற்றை அளக்க முடியாது.

"விதையளவு சில சந்தர்ப்பங்களில் பீடைத் தாக்கத்தைப் பாதிக்கலாம்." இது ஒருபோதும் தோற்காது. தத்தி கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, மாறாவிட்டாலும் சரி. எந்த விடை வந்தாலும் வெல்லும் கூற்றிலிருந்து எதையும் கற்க முடியாது. "சில", "லாம்", "ஓரளவு" என்ற சொற்கள் கருதுகோளில் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

"கூடிய விதையும் கூடிய யூரியாவும் தத்தியைக் கூட்டி விளைச்சலைக் குறைக்கும்." இதற்குள் குறைந்தது மூன்று கருதுகோள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று உண்மையாகி மற்றது பொய்யானால் என்ன எழுதுவீர்கள்? பிரியுங்கள்.

திருத்திய வடிவம் இது: "இரணைமடு நீர்ப்பாசன வயலில், ஒரே நெல்லினத்தை, ஒரே யூரியா அளவோடு காலபோகத்தில் வீச்சாக விதைக்கும்போது, ஏக்கருக்கு 4 புசல் விதைத்த துண்டுகளில் விதைத்து 60ஆம் நாளில் கால் சதுர மீற்றரில் காணும் கபிலநிறத் தத்தியின் சராசரி எண்ணிக்கை, 2 புசல் விதைத்த துண்டுகளில் காண்பதைவிடக் கூடுதலாக இருக்கும்." நாம் மாற்றும் விதையளவு சாரா மாறி. அதன் பின்னால் மாறும் என்று எதிர்பார்க்கும் தத்தி எண்ணிக்கை சார்ந்த மாறி. "கூடுதலாக" என்ற சொல் திசையைச் சொல்கிறது. திசையை ஊகிக்க முன்னறிவு போதாவிட்டால் "வேறுபடும்" என்று மட்டும் எழுதலாம், அதில் குற்றமில்லை.

எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் தேவை என்று நினைப்பதும் பிழை. நந்திக்கடலில் எந்தெந்த மீனினங்கள் எந்த மாதத்தில் அகப்படுகின்றன என்று பட்டியலிடும் ஆய்வுக்கு வினா போதும். மீள்குடியேறிய பெண்கள் குடும்பத்தைத் தனித்து நடத்தும் அனுபவத்தை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதும் பண்புசார் ஆய்வுக்கும் அப்படித்தான். படிவத்தில் "கருதுகோள்" என்ற பெட்டி இருக்கிறது என்பதற்காகச் செயற்கையாக ஒன்றைச் செருகினால் ஆய்வே கோணும்.

சொல்லை அளவாக்குதல்

கருதுகோளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் "இதை எந்தக் கருவியால், எந்த நாளில், எந்த அலகில் அளப்பேன்?" என்ற விடை வேண்டும். இதற்குச் செயற்பாட்டு வரைவிலக்கணம் என்று பெயர். கல்வி ஆய்வில் "மாணவர் ஆர்வம்", சமூக ஆய்வில் "வாழ்வாதார மேம்பாடு" என்ற சொற்கள் இங்கேதான் சிக்கும். ஆர்வம் என்பது தவணையில் வந்த நாட்களா, வீட்டுவேலை ஒப்படைத்த தடவையா, 5 புள்ளி அளவுகோலில் பிள்ளை தானே போட்ட புள்ளியா? மூன்றும் மூன்று வேறு விடையைத் தரும்.

விளைச்சல் போன்ற நேரான சொல்லுக்குள்ளும் பொறி இருக்கிறது. ஊரில் புசலில் சொல்வார்கள், மூடையில் சொல்வார்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 20.9 கிலோ. ஏக்கருக்கு 80 புசல் என்றால் 1,672 கிலோ, ஹெக்டயருக்கு 4.1 தொன். மூடை அப்படியல்ல, ஆளுக்கு ஆள் நிறை மாறும். மூடைக் கணக்கில் தரவு சேர்த்தால் மூடையொன்றின் நிறையையும் அங்கேயே தராசில் வைத்துக் குறிக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். வெட்டிய அன்று நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கலாம். மழைக்குப் பின் வெட்டிய துண்டும் நல்ல வெயிலில் வெட்டிய துண்டும் தராசில் ஒரே நிறை காட்டினாலும் நெல் ஒன்றல்ல. ஆகவே எல்லா நிறையையும் 14 வீத ஈரத்துக்கு மாற்றுவார்கள்: தராசு நிறையை, 100இலிருந்து ஈர வீதத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, 86ஆல் வகுக்க வேண்டும். 20 வீத ஈரத்தில் 5 கிலோ இருந்த நெல் 14 வீதத்தில் 4.65 கிலோதான். இந்த 350 கிராமை மறந்தால், விதையளவின் விளைவு என்று நீங்கள் எழுதுவது உண்மையில் மழையின் விளைவாக இருக்கும்.

தத்தியை எண்ணுவதற்கும் முறை எழுதப்பட வேண்டும். அரை மீற்றருக்கு அரை மீற்றர் சதுரச் சட்டத்தைத் துண்டுக்குள் 5 இடத்தில் வைக்க வேண்டும்; இடத்தை முன்கூட்டியே எழுமாறாகத் தெரிவு செய்திருக்க வேண்டும். வரம்பில் நின்று தாக்கம் தெரியும் இடமாகப் பார்த்து வைத்தால் எண்ணிக்கை ஊதிப்போகும். காலையில் இறங்கி, பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பாருங்கள். தத்தி இருக்கும் இடம் அதுதான். மேலே இலையைப் பார்த்து "இல்லை" என்று எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. அடியைக் கையால் மெல்லத் தட்டினால் மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவான கபிலப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து ஓடும். இளம்பருவத்தைத் தனியே எண்ணுவதா சேர்த்து எண்ணுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்து, எல்லாத் துண்டையும் ஒரே ஆள் எண்ண வேண்டும்.

சூனியக் கருதுகோளும் 8 கோப்பைத் தேநீரும்

கருதுகோளைச் சோதிக்கும்போது புள்ளிவிபரவியல் ஒரு சுற்றுவழி போகும். நாம் நம்புவதை நேரே நிறுவுவதில்லை. "எந்த வேறுபாடும் இல்லை" என்று தொடங்கி, தரவு அந்தக் கூற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. அந்தத் தொடக்கக் கூற்றே சூனியக் கருதுகோள். நமது உதாரணத்தில்: "விதையளவு எதுவானாலும் தத்தியின் சராசரி எண்ணிக்கை ஒன்றே." முன்னே எழுதியது மாற்றுக் கருதுகோள்.

இந்தப் பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்த றொனால்ட் பிஷர், 1935இல் வெளிவந்த தம் நூலில் தேநீரை வைத்து விளக்கினார். தேநீரில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, பிளேன்ரீ முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண். 8 கோப்பை வைக்கிறோம். 4 பால் முதலில், 4 பிளேன்ரீ முதலில், வரிசை எழுமாறு. "அவருக்கு அந்தத் திறமை இல்லை, வெறும் ஊகம்" என்பது சூனியக் கருதுகோள். எட்டில் நான்கைத் தெரிவு செய்ய 70 வழிகள் உண்டு. வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 1, அதாவது 1.4 வீதம். அவர் எட்டையும் சரியாகச் சொன்னால், ஊகம் என்று நம்புவது கடினம், சூனியத்தைக் கைவிடுகிறோம். ஒன்றை மாறிச் சொன்னால் இன்னொன்றும் மாறிவிடும். அந்த அளவோ அதைவிட நன்றாகவோ ஊகத்தாலேயே வருவதற்கு 70இல் 17 வாய்ப்பு, ஏறக்குறைய 24 வீதம். அப்போது ஊகத்தைக் கைவிட ஆதாரம் போதாது.

எல்லைக்கோடாகப் பலரும் 5 வீதத்தைக் கொள்கிறார்கள். அது இயற்கை விதியல்ல, வழக்கம். வேறுபாடு இல்லாதபோது இருக்கிறது என்று சொல்வது முதலாம் வகை வழு. இருக்கும்போது காணத் தவறுவது இரண்டாம் வகை வழு. இரண்டாவதைத்தான் மாணவர்கள் மறக்கிறார்கள். மூன்று துண்டில் சோதித்துவிட்டு "விதையளவுக்கும் தத்திக்கும் தொடர்பில்லை என நிறுவப்பட்டது" என்று எழுதுவது பெரிய பிழை. "இந்த அளவு தரவில் வேறுபாடு காணப்படவில்லை" என்பதுதான் எழுதக்கூடியது.

கருதுகோளைக் கெடுக்கும் மற்றக் காரணிகள்

வயலில் துண்டு போடும்போது 2, 3, 4 புசல் என்று மூன்று விதையளவு, ஒவ்வொன்றும் நான்கு தடவை, மொத்தம் 12 துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். துண்டு 10 மீற்றருக்கு 10 மீற்றர் என்றால், துண்டொன்றுக்கு முறையே 1.03, 1.55, 2.07 கிலோ விதை. முளைதிறனை முதலில் 100 விதையில் பாருங்கள். 70தான் முளைக்கிறது என்றால் நீங்கள் நினைத்த அடர்த்தி வயலில் வராது. துண்டு 4 மீற்றர், 5 மீற்றர் என்று சிறிதாகிவிட்டால் தத்தி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும், வேறுபாடு கரைந்துவிடும்.

வாய்க்காலின் தலைப்பக்கம் தண்ணீர் கூடுதல், கடைப்பக்கம் குறைவு. எல்லா 4 புசல் துண்டும் தலைப்பக்கம் அமைந்துவிட்டால் தத்தி கூடியது விதையாலா தண்ணீராலா என்று பிரிக்க முடியாது. தண்ணீர் இங்கே குழப்பும் மாறி. ஆகவே தலையிலிருந்து கடைவரை நான்கு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் மூன்று விதையளவையும் சீட்டுக் குலுக்கி இட வேண்டும். பூச்சிநாசினி அடித்தால் தத்தியோடு அதைத் தின்னும் சிலந்திகளும் செத்து, பின்னர் தத்தி முன்னைவிடப் பெருகுவதுண்டு. எண்ணி முடியும்வரை அடிக்கக் கூடாது. அதனால் வயற்காரருக்கு இழப்பு வந்தால் ஈடு யார் தருவது என்று விதைப்புக்கு முன்பே பேசி எழுதிவையுங்கள்.

பரிசோதனை செய்யாமல் பழைய பதிவேடுகளை ஒப்பிடுபவர்களுக்கு ஆண்டே குழப்பும் மாறியாகும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அந்த வருட இறுதியில் தடை நீக்கப்பட்டது. இந்தப் போகங்களை மற்றப் போகங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்து "புதிய இனம் விளைச்சலைக் குறைத்தது" என்று முடிவு கட்டினால் அந்த இனத்துக்கு அநியாயம் செய்கிறோம்.

இந்தச் சிக்கலின் பெரிய வடிவம் சிறுநீரக நோய். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்து, வவுனியாவிலும் காணப்படும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் கட்மியம், புளோரைட்டும் வன்னீரும், களைநாசினி, வெயிலில் உழைத்து உடல்நீர் இழப்பது என்று பல கருதுகோள்கள் உள்ளன. கிளைபோசேற் என்ற களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. விவாதம் இன்னும் முடியவில்லை. காரணம், ஒரே மனிதர் வன்னீர்க் கிணற்றில் குடிக்கிறார், களைநாசினி அடிக்கிறார், நடுவெயிலில் வரம்பு கட்டுகிறார். எல்லாக் கருதுகோளும் அவரைச் சரியாகவே சுட்டும். ஆகவே ஒன்றின் எதிர்வுகூறல் மற்றதிலிருந்து பிரியும் இடத்தைத் தேட வேண்டும். தண்ணீர்தான் காரணம் என்றால், அதே ஊரில் அதே வயல்வேலை செய்து நீண்டகாலமாக மழைநீர் குடித்தவரிடம் நோய் குறைவாக இருக்க வேண்டும். வெப்பம்தான் என்றால், மென்னீர் குடித்துச் சூளையில் உழைப்பவரிடமும் நோய் தெரிய வேண்டும். உங்கள் சிறிய ஆய்விலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: என் கருதுகோள் சொல்வதை, எனக்கு எதிரான கருதுகோளும் சொல்லுமா?

கேட்கக்கூடாத கேள்விகள்

மனிதரைக் கேட்டுச் செய்யும் ஆய்வு என்றால், வன்னியில் இன்னொரு பொறுப்பு உண்டு. 2009க்குப் பிறகு இங்குள்ள குடும்பங்களிடம் எத்தனையோ வினாக்கொத்துகள் வந்துபோயின. காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாயிடம் கேட்கும் கேள்வி, உங்கள் கருதுகோளைச் சோதிக்கத் தேவையில்லாவிட்டால், அது வினாக்கொத்தில் இருக்கவே கூடாது. "பின்னணித் தகவலுக்காக" என்பது போதிய காரணம் அல்ல. கேள்வி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்தக் கருதுகோளுக்கு உரியது என்று எழுதிப்பாருங்கள். எதற்கும் உரியதல்லாத கேள்வியை எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வரும்வரை எந்த வீட்டுப் படலையும் திறக்கக் கூடாது. இழப்பீடோ வீட்டுத்திட்டமோ கிடைக்கும் என்ற எண்ணத்தில் விடை சொல்பவர்களும் இருப்பார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆகவே "அம்மா, இதால உதவி ஒண்டும் வராது, படிப்புக்காகத்தான் கேக்கிறன்" என்று முதலிலேயே நேராகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம்பிய மனிதருக்கும் தீங்கு, தரவும் கோணல்.

களத்துக்குப் போகும் முன்

கருதுகோளைத் திகதியிட்டு எழுதி, மேற்பார்வையாளரிடம் ஒப்பம் வாங்கி ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். தரவு வந்த பிறகு, எதில் வேறுபாடு தெரிகிறதோ அதையே "நான் முதலில் நினைத்தது" என்று மாற்றி எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். வேறொன்று புதிதாகத் தெரிந்தால் அதை மறைக்க வேண்டாம்; தரவைப் பார்த்த பின் தோன்றியது என்று சொல்லி, அடுத்த போகத்துக்குரிய கருதுகோளாக எழுதுங்கள்.

பிறகு ஒரு வெற்று அட்டவணை வரையுங்கள். இடப்பக்கம் 2, 3, 4 புசல். மேலே 30ஆம், 45ஆம், 60ஆம் நாள் தத்தி எண்ணிக்கை, 14 வீத ஈரத்தில் விளைச்சல், தொகுதி இலக்கம். பெட்டிகள் எல்லாம் வெறுமையாக இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் விரலை வைத்து, இந்த இலக்கம் எந்த நாளில், யார் கையால், எந்தக் கருவியிலிருந்து வரும் என்று சொல்லிப் பாருங்கள். பதில் வராத பெட்டி இருந்தால் விதையை ஊறப்போடும் முன் கருதுகோளிடம் திரும்பிப் போங்கள். கருதுகோளில் வரும் சொல் ஒன்று எந்தப் பெட்டியிலும் இடம்பெறாவிட்டாலும் அப்படித்தான்.